புதுப் புத்தகம் வருகிறது, வலைப்பூ உலா போகலாமா?

மோர்தானா:
எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பாலாற்றங்கரை ஊர்களைப் பற்றி ஆறேழு வருடமாக எழுதி வைத்த கட்டுரைகள் ஒருவழியாகப் புத்தகமாகின்றன. 176 பக்கம். கடைசி மெய்ப்பு மட்டும் பாக்கி. பதிப்பாளர் நல்ல மனிதர், ஆனால் சின்ன இடம். முதல் அச்சு 300 படிதான், விளம்பரத்துக்கென்று தனியாகப் பணம் கிடையாது, "நீங்களும் கொஞ்சம் ஓடணும்மா" என்று சொல்லிவிட்டார். வெளியீட்டு விழா வைக்கலாம்தான். மண்டப வாடகை, பொன்னாடை, வந்தவர்களுக்கு டீயும் போண்டாவும் எல்லாம் போக, வருகிறவர்கள் நாற்பது பேரும் நம் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள், அவர்களுக்குச் சும்மா கொடுக்கவில்லை என்றால் வருத்தம் வேறு.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகள் ஒரு யோசனை சொன்னாள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் புத்தகம் வந்ததும் ஒன்றிரண்டு வாரத்துக்கு வலைப்பூ வலைப்பூவாகப் போவார்களாம். இன்று ஒரு வீட்டில் மதிப்புரை, நாளை இன்னொரு வீட்டில் பேட்டி, அதற்கடுத்த நாள் அவரே எழுதிய விருந்தினர் பதிவு, பிறகு ஒரு அத்தியாயத்திலிருந்து கொஞ்சம், நடுவில் ஒரு படி இலவசம் என்று குலுக்கல். ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துப் போடுவதற்குப் பதில் உட்கார்ந்த இடத்திலேயே சுற்றுலா. தமிழில் யாராவது இப்படிச் செய்து பார்த்ததுண்டா? பலன் இருந்ததா? பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

ஏலகிரி எக்ஸ்பிரஸ்:
வாழ்த்துகள் மேடம். ஒரு சந்தேகம், இப்போ வலைப்பூ யார் படிக்கிறார்கள்? நான் காலையில் ரயிலில் பார்க்கிறேனே, ஜோலார்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் எல்லார் கட்டை விரலும் மேலே தள்ளிக்கினே இருக்குது. புத்தகம் வைத்திருந்த ஒரே ஆளும் அதைச் சீட்டுப் பிடிக்கத்தான் போட்டிருந்தார்.

காட்பாடி லோக்கல்:
நான் செய்து பார்த்தவன். முழுசாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

என் நாவல் வந்தபோது பதினைந்து நிறுத்தம் என்று பட்டியல் போட்டேன். எல்லாமே புத்தகம் பேசும் இடங்கள்: வலைப்பூ, இன்ஸ்டாகிராம் பக்கம், இரண்டு யூடியூப். பன்னிரண்டு பேருக்குப் புத்தகம் அனுப்பினேன், மூன்று பேர் பிடிஎஃப் போதும் என்றார்கள். எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல், "அன்புடையீர்" என்று தொடங்கி. வந்தது ஒன்பது பதிவு. அதில் நான்கில் பின்னட்டைக் குறிப்பையே கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தார்கள். ஐந்தில் பேட்டி. ஐந்து பேட்டியிலும் முதல் கேள்வி "எழுத்தின் மீது ஆர்வம் எப்படி வந்தது?" முதல் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினேன், மூன்றாவது ஆளுக்கு அதையே வெட்டி ஒட்டினேன், ஐந்தாவதில் எனக்கே கொட்டாவி வந்தது. கீழே கருத்துப் பெட்டியில் பார்த்தால் வாழ்த்தியவர்கள் எல்லாம் அந்த மற்ற எட்டுப் பேர்! அதாவது எங்களுக்குள்ளேயே ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்க் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறோம், தெருவில் போகிறவன் ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் விற்றது பதினோரு படி என்று பதிப்பாளர் சொன்னார். அனுப்பியதே பன்னிரண்டு.

ஆனால் ஒன்று மட்டும் நடந்தது. உலா முடிந்து மூன்று மாதம் கழித்து, பட்டியலிலேயே இல்லாத ரயில்வே ஊழியர்கள் குழு ஒன்றில், காட்பாடி ஜங்ஷனில் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி மாறக் காத்திருக்கும் நோயாளிக் குடும்பங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். வேலூரில் வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்து வருகிறார்கள், கையில் எக்ஸ்ரே கவர், ஒரு மூட்டை அரிசி, ஒரு சின்ன ஸ்டவ். ஆஸ்பத்திரிப் பக்கம் ரூம் எடுத்து சமைத்துக்கொள்ளத் தயாராகவே இறங்குவார்கள். என் நாவலில் அது ஒரு காட்சி. புத்தகம் வாங்குங்கள் என்று நான் எழுதவே இல்லை, கடைசியில் "இது என் நாவலில் வரும் இடம்" என்று ஒரே வரி. அந்த வாரம்தான் பதிப்பாளர் என்னைத் தானாகக் கூப்பிட்டு "என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டார்.

பின்னட்டை:
லோக்கல் அண்ணே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு, அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

தமிழுக்கு இது புதுசே இல்லை. 2004-ல் தமிழ்மணம் திரட்டி (எல்லார் வலைப்பூவின் புதுப் பதிவையும் ஒரே இடத்தில் காட்டும் தளம்) வந்த பிறகு வலைப்பதிவு கொடிகட்டிப் பறந்த காலத்தில் தொடர்பதிவு என்று ஒன்று ஓடுமே, ஒருத்தர் எழுதி நாலு பேரைக் கோர்த்துவிடுவார், அவர்கள் எழுதி இன்னும் நாலு பேரை. வலைச்சரம் என்ற வலைப்பூவில் வாரம் ஒருத்தர் ஆசிரியராக வந்து மற்றவர்கள் வலைப்பூவை அறிமுகம் செய்வார். விருந்தினர் பதிவு என்பது கிட்டத்தட்ட அதே திண்ணைதான். அன்றைக்குத் திரட்டி இருந்ததால் ஒரு இடத்தில் எழுதினால் எல்லாருக்கும் தெரிந்தது. இன்றைக்கு அந்த முச்சந்தி இல்லை, ஒவ்வொருத்தர் வாசகரும் தனித்தனித் தெருவில் இருக்கிறார்கள். அதனால் தெரு பார்த்துத்தான் போக வேண்டும்.

வேலை என்று பார்த்தால், கேட்பதை வெளியீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேளுங்கள். புத்தகம் கையில் வந்த பிறகு கேட்டால் அவர்களுக்குப் படிக்க எங்கே நேரம். அட்டைப்படம் பெரிய அளவில் ஒன்று, சின்னது ஒன்று, நூறு சொல்லில் புத்தகம் பற்றி, ஐம்பது சொல்லில் உங்களைப் பற்றி, முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ (கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது வேண்டாம், எனக்கு அப்படித்தான் வருகிறது), விலை, வாங்கும் சுட்டி. இதையெல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் "அட்டை அனுப்புங்க" என்று கேட்டால் தேட வேண்டியதில்லை. முக்கியமாக, பதிவு வரும் நாளில் புத்தகம் வாங்கக் கிடைக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை பைண்டிங்கில் சிக்கிப் பத்து நாள் தாமதம், பதிவுகளோ சொன்ன தேதியில் வந்துவிட்டன. படித்தவன் சுட்டியை அழுத்தினால் "விரைவில்" என்று இருந்தது. அவன் திரும்ப வருவானா?

தபால் பற்றி: பழைய பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும், விளம்பரப் புத்தகமாக இருக்கக் கூடாது. தரை வழியாகத்தான் போகும், எனவே நாள் கணக்கை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்களா என்று கவுன்டரில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிட்டு மற்றதைக் கட்டுங்கள்.

பேரணாம்பட்டு:
எனக்கு இதில் ஒரு நெருடல். சும்மா புத்தகம் கொடுத்து எழுத வைத்தால் அது மதிப்புரையா, மொய்யா? மொய் வைத்தவன் சாப்பாடு நல்லா இல்லை என்று பந்தியில் சொல்வானா.

பின்னட்டை:
நியாயமான கேள்வி. அதனால்தான் "ஆசிரியர் அனுப்பிய படி" என்று பதிவிலேயே ஒரு வரி போடச் சொல்வது. இலவசமாக வந்த பொருளைப் பற்றி எழுதினால் அதைச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலே 2021-ல் விதி கொண்டுவந்தது. அமேசானிலும் இலவசப் படி கொடுக்கலாம், ஆனால் பதிலுக்கு விமர்சனம் எழுதியே தீர வேண்டும் என்று கேட்கக் கூடாது. குடும்பத்தார், நெருங்கிய நண்பர்கள் அங்கே எழுதவும் கூடாது. மேடம், அண்ணன் மகளிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், பாசத்தில் ஐந்து நட்சத்திரம் குத்திவிடப் போகிறாள்.

ஏலகிரி எக்ஸ்பிரஸ்:
ஐடியா ஒன்று. ஜூலை 10 வேலூர்ப் புரட்சி நாள். 1806. அன்றைக்குக் கோட்டையைப் பற்றி ஒரு பதிவு எழுதி எல்லா இடத்திலும் போட்டுவிடுங்கள், அந்த ஒரு நாள் எல்லாரும் வேலூரைத் தேடுவார்கள்.

மோர்தானா:
நல்ல யோசனைதான் தம்பி, ஆனால் என் புத்தகத்தில் கோட்டை ஒரே ஒரு பத்தியில்தான் வருகிறது. அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர் 175 பக்கம் ஏமாந்துபோவார். இன்னொன்று, நான் எழுதிப் பார்த்த விருந்தினர் பதிவு "தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை" என்றுதான் ஆரம்பிக்கிறது. சரியாக இருக்குமா?

காட்பாடி லோக்கல்:
வேண்டவே வேண்டாம்! வேலூரைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கோட்டைக்குள்ளே இருக்கிற கோயிலில் 1981-லேயே சாமி வந்தாச்சு, 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியாச்சு, பழமொழிதான் இன்னும் நகரவில்லை.

அப்புறம் ஒரே பதிவை "எல்லா இடத்திலும்" போடாதீர்கள். கூகுள் ஒன்றைக் காட்டிவிட்டு மற்றதை ஒளித்து வைத்துவிடும். வீட்டுக்காரருக்கும் மரியாதை இல்லை, அவர் கேட்டது தனக்கென்று சமைத்த சாப்பாடு, நீங்கள் கொடுப்பது பக்கத்து வீட்டு மிச்சம்.

ஆரணிப்பட்டு:
சாப்பாடு என்றதும் நானும் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் புத்தகப் பக்கம் நடத்துகிறவள் இல்லை, சமையல் வலைப்பூ வைத்திருக்கிறேன், பல வருடமாக. இதுவரை ஒரு எழுத்தாளரும் என்னிடம் விருந்தினர் பதிவு கேட்டதில்லை. மிக்சி கம்பெனிக்காரர்கள்தான் கேட்பார்கள். எழுத்தாளர்கள் எல்லாரும் புத்தக விமர்சகர் வாசலிலேயே வரிசையில் நிற்கிறீர்கள், அங்கே மாதம் முப்பது புத்தகம் வந்து குவிகிறது, அவர்தான் பாவம் என்ன செய்வார்.

மோர்தானா அக்கா, உங்கள் புத்தகத்தில் சமையலுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? பிரியாணி வேண்டாம், ஆம்பூர் பிரியாணி என்று என்னிடமே நாலு பதிவு இருக்கிறது.

மோர்தானா:
இருக்கிறது என்று நினைக்கிறேன். "பருப்பு வேகாத தண்ணீர்" என்று ஒரு அத்தியாயம். தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், பக்கத்துக் கிராமத்தில் என் பெரியம்மா வீடு. சொந்தக் கிணறு, பெரிய கிணறு. ஆனால் அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு போட்டால் வேகாது. காலையில் அடுப்பேற்றினால் மத்தியானம் எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பாள் பெரியம்மா, நடுவில் கல் மாதிரி ஒரு பொட்டு நிற்கும். பாத்திரத்தின் உள்விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் படியும், அதைத் தேங்காய் நாரில் தேய்த்தாலும் போகாது. கடைசியில் சமையலுக்கு மட்டும் இரண்டு மைல் தள்ளி ஒரு தோப்புக் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டு வருவார்கள். கல்யாணம் பேச வருகிறவர்கள் "உங்க ஊர்ல பருப்பு வேகுதா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆரணிப்பட்டு:
அக்கா! இதைத்தான் கேட்டேன். என் வாசகர்கள் எனக்கு அடிக்கடி எழுதும் கேள்வியே "பருப்பு ஏன் வேக மாட்டேங்குது" என்பதுதான். நான் சோடா உப்பு ஒரு சிட்டிகை போடுங்கள், பழைய பருப்பாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு ஒரு பதிவு கொடுங்கள், எண்ணூறு சொல்லுக்குள். பெரியம்மாவும் வரட்டும், தண்ணீர் ஏன் அப்படிச் செய்கிறது என்ற காரணமும் வரட்டும். படிக்கிறவள் தன் வீட்டுக் குக்கருக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. புத்தகத்தின் பெயர் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, நடுவில் வேண்டாம். என் வாசகர்கள் விளம்பர வாடை அடித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், மிக்சி சமாசாரத்தில் பட்டிருக்கிறேன்.

வாலாஜா ரோடு:
இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது நுழைகிறேன். நான் சட்டக் கல்லூரி மாணவன். எங்கள் பாடத்தில் 1996-ல் தீர்ப்பு வந்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கு கட்டாயம் உண்டு, தோல் ஆலைக் கழிவு நம் பக்கத்துத் தண்ணீரைக் கெடுத்தது பற்றிய வழக்கு. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதையும், ஆபத்து வருமுன்பே தடுக்க வேண்டும் என்பதையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. நாடு முழுக்கச் சட்டம் படிப்பவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், ஆனால் அதில் வருகிற கிணறு எப்படி இருந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் சில பேர் தமிழில் சட்டக் குறிப்புகள் போடும் பக்கம் ஒன்று நடத்துகிறோம். பெரியம்மா கிணற்றை எங்களுக்கும் எழுதித் தர முடியுமா மேடம்? சட்டம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் தண்ணீரை மட்டும் எழுதுங்கள்.

பேரணாம்பட்டு:
ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தோல் தொழிலில்தான் எங்கள் ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கப்பா முப்பது வருடம் உப்புத் தோல் மூட்டை தூக்கியவர். கிணறு கெட்டதை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நாலு இடத்துக்கு நாலு மாதிரி வெட்டிக் கொடுக்கும்போது அந்தப் பக்கம் விட்டுப்போய்விடும். புத்தகத்தில் இருக்கும், பதிவில் இருக்காது. படிக்கிறவன் பதிவைத்தானே படிப்பான்.

மோர்தானா:
பேரணாம்பட்டு அண்ணே, இது நான் யோசிக்காதது. புத்தகத்தில் தோல் உப்புப் போட்ட கைகளைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்வது சரி, பருப்புப் பதிவை மட்டும் படிக்கிறவருக்கு அது தெரியப் போவதில்லை. இரண்டிலும் அந்தக் கையை எங்கே வைக்க முடியும் என்று பார்க்கிறேன்.

(ஐந்து மாதம் கழித்து)

மோர்தானா:
பழைய இழையைத் தோண்டி எடுப்பதற்கு மன்னிக்கவும். என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும் அல்லவா.

பதினைந்து நிறுத்தம் என்று எண்ணியதை நான்காகக் குறைத்தேன். சமையல் பக்கம், சட்ட மாணவர் பக்கம், பெங்களூரில் இருக்கும் நம் பக்கத்து ஆட்களின் வாட்ஸாப் குழு ஒன்று, கடைசியாக ஒரே ஒரு புத்தக விமர்சகர். அவருக்கு அன்புடையீர் போடவில்லை, அவர் முன்பு எழுதிய ஒரு மதிப்புரையைப் படித்துவிட்டு அதைக் குறிப்பிட்டு எழுதினேன், அரை நாள் ஆயிற்று அந்த மின்னஞ்சலுக்கு. விருந்தினர் பதிவு எழுதுவது புத்தகம் எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆரணிப்பட்டு அதை மூன்றுமுறை திருப்பி அனுப்பினாள். "உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது" என்று மொட்டையாக எழுதியிருந்தேன். உப்பு வேறு, கடினத்தன்மை வேறு, கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுவதால்தான் வேகாது, பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு கிணற்றுக்கு வந்தது தனிக் கதை, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று பிடிவாதமாக நின்றாள். புத்தகத்திலும் அந்த இடம் மொட்டையாகத்தான் இருந்தது, நல்லவேளை மெய்ப்பு என் கையில் இருந்ததால் திருத்திவிட்டேன். இந்த உலாவில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பதிவு வந்த இரண்டாம் நாள் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார்: "எங்க மாமியார் என்னைத்தான் சமைக்கத் தெரியாதவள்னு பத்து வருஷமா சொல்லிக்கிட்டிருக்காங்க, லிங்கை அனுப்பிட்டேன்." அதற்குக் கீழே ஊர் ஊராகக் கிணற்றுக் கதை, எண்பதுக்கு மேல். சட்ட மாணவர் பக்கத்தில் கருத்து அதிகம் வரவில்லை, ஆனால் ஒரு ஆசிரியர் வகுப்புக்கு என்று பன்னிரண்டு படி கேட்டு எழுதினார். விமர்சகர் இன்னும் படிக்கவில்லை. பெங்களூர்க் குழுவில் என் பதிவுக்கு மேலே குட் மார்னிங் பூவும் கீழே வீட்டுமனை விளம்பரமும் வந்து நடுவில் காணாமல் போய்விட்டேன். 300-ல் 210 போயிருக்கிறது. விழா வைக்கவில்லை, சொந்தக்காரர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

காட்பாடி லோக்கல்:
210! கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த புத்தகத்துக்கு ஆரணிப்பட்டு அம்மா வாசலில் நான்தான் முதல் ஆள், இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன். என் நாவலில் ஒரு ஸ்டவ் வருகிறது, ஞாபகம் இருக்கிறதா.

ஆரணிப்பட்டு:
அந்த ஸ்டவ்வில் அவர்கள் என்ன சமைத்தார்கள் என்று தெரிந்தால் வாருங்கள் அண்ணா, தெரியாவிட்டால் ஜங்ஷனில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

பேரணாம்பட்டு:
சமையல் பதிவைப் படித்தேன். கடைசிக்கு முந்தைய பத்தியில் உப்பு ஊறி வெடித்த விரலில் விளக்கெண்ணெய் தடவுகிற ஆள் வருகிறாரே, எங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "விளக்கெண்ணெய் இல்ல, வேப்பெண்ணெய்"னு சொல்றார். இரண்டாம் அச்சில் மாற்றிவிடுங்கள். அவருக்கு ஒரு படி வேண்டும், காசு கொடுத்துத்தான் வாங்குவாராம், எங்கே அனுப்பணும் சொல்லுங்க.